புறமுகரும் அகமுகரும்

ஏழாம் வினாவுக்கும் விமலநாதன் "ஓம்" என்றே விடையிறுத்தபோது, நவரட்ணராஜா கையிலிருந்த இதழைப் படாரென்று மூடினார்.

"ஓயாது பேசும் புறமுகர் பெண்களின்பால் பெருமோகம் கொள்வர், தனிமை நாடும் அகமுகரோ பெண்களை ஏறெடுத்தும் பாரார்" என்று வார இதழின் ஆளுமைச் சோதனை ஐயந்திரிபற அறிவித்திருந்தது. அவரது கண்டி வீட்டில் அறையெடுத்திருந்த வங்கி எழுதுவினைஞன் விமலநாதனோ சுவரையும் சிரிக்கவைப்பவன். எண்பத்தொன்பதாம் ஆண்டின் ஓயாத ஊரடங்கால் நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்தான்.

"அக்கா, உங்கட சொதிக்கு ஊரடங்கு போடேலாது! வாசம் பேராதனை மட்டும் போகும்!"

பத்மாதேவி சிரித்தாள். கணவருக்குச் சொதி கசந்தது.

ஊரடங்கு தளர்ந்த காலையிலேயே மனைவியைப் புசல்லாவைக்கு பஸ் ஏற்றினார்.

"ஏனப்பா திடீரெண்டு?"

"உம்மட அக்கா தனிய இருக்கிறா. போய்ப் பாரும்."

அவள் திரும்புமுன் வீட்டுக்கொரு காவல் வேண்டுமே! தம்மோடு கந்தோரில் வேலைசெய்யும், நான்காண்டுகளாக வாய்திறவாத சண்முகநாதனைச் சோதித்தார்; அவர் அப்பழுக்கற்ற அகமுகர். அவரை அழைத்துவந்து விமலநாதனின் அறையிலேயே குடியமர்த்தினார்.

இரண்டே நாளில் அறையிலிருந்து கரம் பலகையில் காய்கள் மோதும் ஓசையும் இருவரின் வெடிச்சிரிப்பும் எழுந்தன.

"விமல், பிழையாட்டம்! சிவப்பைத் திருப்பி வையும்!"

விமலாமே! நவரட்ணராஜா கதிரையைத் தூக்கிச்சென்று இருவருக்கும் நடுவே இட்டு அமர்ந்தார். அவர்கள் அவர் தலைக்கு மேலாகப் பேசினர். ஊரடங்கு வேளையில் ஓசை கூடாதென்று பலகையைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவர்கள் பலகையின்றியே, தாழ்ந்த குரலில், முன்னிலும் இனிமையாகச் சிரித்தனர்.

மறுநாள், "உடன் வருக" என்று தந்தி பறந்தது. பத்மாதேவி பதறியோடி வந்தாள்.

"ஐயோ, ஆருக்கு என்னப்பா?"

"அந்தச் சண்முகநாதனை இண்டைக்கே வெளியால அனுப்பவேணும்!"

"விமலநாதனை எண்டாலும், என்னைச் சிரிக்க வைக்கிறானெண்டு கோவம் எண்டு விளங்கும். சண்முகநாதனை நான் கண்டதேயில்லை! அந்தாளில உங்களுக்கு என்ன கோவம்?"

நவரட்ணராஜா அலுமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

தேநீர் கொணர்ந்த சமையற்காரி சுந்தரிதான் பதிலிறுத்தாள்.

"நீங்க ஊருக்குப் போனப்ப ஐயா பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சாரும்மா, விமலநாதன் தம்பி இந்தப் புது ஐயாவோட சிரிச்ச அன்னைக்குத்தான், புருசன் சின்ன வீடு வச்சிட்ட பொண்டாட்டி மாதிரி பட்டினி கெடந்தாரு!"