திருமதி செண்பகலதாவுக்கு ஓர் அழைப்பு

ஆறுகள் கடலைச் சேருமுன் நூறாகப் பிரியும் வண்டல் நாட்டில் இரண்டு ஆட்சிகள் நடந்தன. வெளிமுற்றங்களைக் கப்பல்காரர்கள் ஆண்டார்கள். அவர்கள் முன் பகல் முழுக்கக் குனிந்துவிட்டு வீடு திரும்பிய கனவான்கள் உள்முற்றங்களை ஆண்டார்கள். உள்முற்றத்தின் முதல் சட்டம் இது: பெண் எழுத்தறிந்தால் கணவனின் ஆயுள் குறையும்.

ஒருநாள் கப்பல்காரர்களின் கவர்னர், "உங்கள் பெண்கள் எழுதுவதுண்டா?" என்று கேட்டார். மறுமாதமே கனவான்கள் சபை ஒரு பெண்கள் பத்திரிகை தொடங்கியது. அதில் ஏழு பெண்மணிகள் எழுதினார்கள். ஏழு பேருக்கும் மீசை இருந்தது. பணிவைப் பற்றி மாதந்தோறும் எழுதிய திருமதி செண்பகலதா, கல்வி மந்திரி ஹரமோகன்தான்.

அந்தப் பத்திரிகைக்குத் தரங்கிணி என்பவள் தன் வாழ்க்கைக் கதையைச் சொந்தப் பெயரில் அனுப்பினாள். அண்ணனின் பாடத்தைக் கதவிடுக்கில் பார்த்து, கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் எழுதி, ஆள் வருமுன் சாணம் மெழுகி அழித்துக் கற்றவள் அவள். கதையை எழுதி முடிக்க இருபது வருடம் ஆனது. நாட்டில் எழுத்தறிந்த பெண் தான் ஒருத்தியே என்று நம்பினாள். அவள் கணவர் அதுவரை இருமியதுகூட இல்லை.

"பெண் இப்படியா எழுதுவாள்? செண்பகலதாவைப் பாருங்கள், என்ன அடக்கம்!" என்றார் ஹரமோகன்.

எதற்கும் இருக்கட்டும் என்று உள்முற்றங்களில் கரிக்குத் தடை வந்தது. பெண்கள் ஈரச்சருகை மூட்டிச் சமைத்தார்கள். அவர்கள் நன்றியில் கண்ணீர் வடிப்பதாகச் சபை குறித்துக்கொண்டது.

அடுத்த ஆணை, பெண் பெயரில் எழுதும் எவரும் திரைக்குப் பின்னால் அமர்ந்து எழுதிக் காட்ட வேண்டும் என்றது. தவறினால் பிரதி எரிக்கப்படும்.

சபை கொடுத்த தலைப்பு 'பணிவு'. தரங்கிணி எழுதி, தாளைத் திரைக்கு அடியில் நீட்டினாள். ஹரமோகன் உரக்க வாசித்தார்: "புகையில் வழியும் கண்ணீரை நன்றி என்று எழுதிவைத்தவர், ஒரு வேளை சமைத்துப் பார்க்கட்டும்."

"உள்ள இருக்கறது பொம்பளைதான்னு யார் பாத்தது?" என்றார் ஓர் உறுப்பினர். எட்டிப் பார்ப்பது சட்டப்படி குற்றம். ஆகவே எழுத்தறிந்த ஒரு பெண் உள்ளே போய்ப் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தவணை மூன்று நாள். அறிவிப்பு தெருவெங்கும் ஒட்டப்பட்டது. பெண்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உள்முற்றங்களில் யாரும் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் முற்றத்தில் தீ மூட்டினார்கள். கவர்னர் அனுப்பிய ஆளும் பார்க்க வந்திருந்தார். திரைக்குப் பின்னால் தரங்கிணிக்கு அந்த வெப்பம் தெரிந்தது. இருபது வருடம் எரிய எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள்.

"அப்படி ஒருத்தி இருந்தாத்தானே வர்றதுக்கு!" என்று ஹரமோகன் சிரித்தார். பிரதியைக் கையில் எடுத்தார்.

வாசலில் பல்லக்கு ஒன்று இறங்கியது. முகத்தை முக்காட்டால் மூடிய ஒருத்தி நேராகத் திரைக்குள் நுழைந்தாள். தரங்கிணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கட்டைவிரல் நகங்களிலும் கழுவிப் போகாத கரி.

"எழுதினது பொண்ணுதான்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நல்லாவும் எழுதியிருக்கா."

ஹரமோகனுக்கு அந்தக் குரல் தெரியும். காலையில் அவருக்குச் சோறு பரிமாறிய குரல்.

"நிஸ்தாரிணி! உனக்கு எழுத்துத் தெரியுமா?"

"உங்க செண்பகலதாவுக்குப் பன்னெண்டு வருஷமா பிழை திருத்தறது யாருன்னு நெனச்சீங்க? அச்சாபீஸ்காரனா?" அவள் சற்று நிறுத்தினாள். "இன்னும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"ஒரு சாட்சி போதாது!" என்று கத்தினார் உறுப்பினர்.

"வாசலைப் பாருங்க."

பல்லக்குகள் ஆற்றங்கரை வரை நின்றன. நாற்பத்து மூன்று. அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள். ஒவ்வொருத்தியும், தன்னைத் தவிர யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டே வந்தவள். இப்போது ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். தரங்கிணி அழுதாள். அதை எவரும் எதுவென்றும் குறித்துக்கொள்ளவில்லை.

கவர்னரின் ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் சபை தன் ஆணைக்குக் கட்டுப்பட்டது. தீயில் அன்று தேநீர் போட்டார்கள். கதை தரங்கிணியின் பெயரிலேயே அச்சில் வந்தது. கரித் தடையும் போயிற்று.

ஆனால் சான்று பெறும் ஆணையை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. மறுமாதம் பத்திரிகைக்குச் சான்று தரப் பெண்கள் திரைக்குப் பின்னால் கூடினார்கள். பட்டியலில் முதல் பெயரைப் பார்த்துத் தரங்கிணி குரல் கொடுத்தாள்:

"செண்பகலதா அம்மா, உள்ள வாங்க. வெக்கப்படாதீங்க, இங்க எல்லாரும் பொம்பளைங்கதான்."