மாடி அறைக்கு ஒரு நிலாப் படம்

இந்த வீட்டில் இனி யார் பேச்சும் என் காதில் விழக்கூடாது என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். எதிர்த்துப் பேசுவது வீரர்களின் வழி. எனக்கு மொட்டைமாடிதான் வழி.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உடைந்த சாமான்கள் அடைந்து கிடந்த சின்ன அறை ஒன்று இருந்தது. அதைக் கூட்டித் துடைத்து, ஒரு நாற்காலி போட்டேன். சும்மா போய் உட்கார்ந்தால் கேள்வி வருமே? அதற்காக ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். நட்சத்திரங்கள் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. எனக்கு வானியல் தெரியாது, வாழ்வியல்தான் தெரிந்துபோயிற்று.

நான் குழாய் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க யார் வீட்டுக் குழாயோ என் காதில் ஒழுகும். சாயங்காலம் வீடு திரும்பினால் மனைவி. அவளுக்குப் பின்னால் மாமியார். கண் ஆபரேஷனுக்காக வந்தவர். பார்வை தெளிந்து என் குறைகள் எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததும் தங்கிவிட்டார். அவருக்கும் பின்னால் மச்சினன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவனுக்குப் போன் எதற்கு என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அவன் ஜன்னலைத் திறந்து பேசினாலே எதிராளிக்குக் கேட்கும்.

"ஆராய்ச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடி ஏறுவேன். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி தூங்குவேன். அந்த அமைதியில் மட்டும்தான் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவனாக இருந்தேன்.

ஒருநாள் மாமியார் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, மூடியைக் கழட்டாம பாத்தாதான் நல்லா தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெலஸ்கோப்பின் முன்பக்க மூடி, வாங்கிய நாளிலிருந்தே கழற்றப்படாமல் இருந்தது. நான் கீழே இறங்குவதற்குள் செய்தி இறங்கிவிட்டது.

"மேல என்னதான் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"கண்ணை இருட்டுக்குப் பழக்கறேன்."

"தூங்கறதுக்கு இப்படி ஒரு பேரா?"

"ஆராய்ச்சியைக் கேலி பண்ணாதே."

"பண்ணலை. ஆராய்ச்சின்னா ஆதாரம் வேணும். என் கேமராவை எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு நிலாப் படம் எடுத்துக் காட்டுங்க. எடுத்துட்டா அந்த ரூம் உங்களுக்கு. இல்லேன்னா தம்பிக்கு ஆபீஸ்."

"நிலாவா?"

"ஏன், சின்னதா வேற ஏதாவது வேணுமா?"

டெலஸ்கோப்பை அறைக்கு வெளியே தூக்கி வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக மூடியைக் கழற்றினேன். பொழுது சாயும் நேரம், அரை நிலா தொட்டிக்கு மேலே வந்து நின்றது. கேமராவை டெலஸ்கோப்பின் பின்பக்கம் வைத்து, ஒட்டுநாடாவைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். கையை எடுத்தேன். கேமரா கனத்தில் பின்பக்கம் தொங்கி, முன்பக்கம் நெட்டுக்குத்தாக மேலே எழும்பியது. நிலா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வெள்ளையாக ஒரு குழம்பல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை எடுத்ததெல்லாம் அதே குழம்பல்தான்.

"இது நிலாவா, யாராவது தும்மினதா?" என்றார் மாமியார்.

மனைவி படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள்.

"ஆள் வயித்துக்குள்ள இருக்கற கடுகளவு கல்லைத் தினம் தேடிப் பிடிக்கறேன். உலகத்துக்கே தெரியற அவ்ளோ பெரிய கல்லு உங்களுக்கு அகப்படலையா? நடங்க மேல."

மாடிக்கு வந்தவள் என் ஒட்டுநாடாவை உரித்து எறிந்தாள்.

"முதல்ல கேமரா லென்ஸைக் கழட்டுங்க. இனிமே டெலஸ்கோப்தான் லென்ஸ். இந்தப் பெட்டியில வளையம் இருக்கே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"வளையல்னு நெனச்சேன்."

"எனக்கு வாங்கித் தந்துட்டாலும்."

வளையத்தைப் போட்டுக் கேமராவை மாட்டினாள். டெலஸ்கோப் குழாயை அதன் பிடிக்குள் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். தராசு மாதிரி நின்றது. கேமராத் திரையைப் பார்த்தபடி குமிழைத் திருகினாள். சரியான இடம் வந்ததும், கனத்தில் நழுவாமல் இருக்கப் பக்கத்துத் திருகை இறுக்கினாள். "நிலா நல்ல வெளிச்சம். நீங்க ஷட்டரை அவ்ளோ நேரம் திறந்து வெச்சா வெளுக்காம என்ன பண்ணும்?" என்று வேகத்தைக் கூட்டினாள். ஒரு சொடுக்கு.

திரையில் நிலா வந்தது. பள்ளம் பள்ளமாக, விளிம்பில் நிழல் விழுந்து, கையை நீட்டினால் தட்டுப்படும் போல. இவ்வளவு நாள் இதற்குக் கீழே உட்கார்ந்து குறட்டை விட்டிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. நிஜமாகவே பார்க்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் இந்த வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"படம் வந்துடுச்சு. ரூம் என்னோடதுதானே?" என்றேன்.

"இருங்க. இந்த மோட்டார் என்ன, பெட்டியை விட்டே எடுக்கலை?"

அதையும் மாட்டினாள். நிலா போகும் பக்கமெல்லாம் டெலஸ்கோப் தானாகத் திரும்பியது. கேமராவையும் போனையும் கம்பியில்லாமல் சேர்த்து, போனை ஹால் டிவியோடு சேர்த்தாள். கீழே போய்ப் பார்த்தால் டிவி நிறைய நிலா. மாமியார் சோபாவில் சப்பணமிட்டிருந்தார்.

"பாத்தீங்களா? இனிமே நீங்க மாடி ஏறி முதுகு ஒடிய வேண்டாம். எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாம்," என்றாள் மனைவி.

"ரூம்?"

"டெலஸ்கோப் வெளியிலதானே நிக்குது? ரூம்ல யாரும் இல்லையே. தம்பி உக்காரட்டும்."

"நீ சொன்ன வார்த்தை?"

"நீங்க எடுத்தாத்தானே உங்களுக்குன்னு சொன்னேன். எடுத்தது யாரு?"

மறுநாளே மச்சினன் மேசையோடு குடியேறினான். என் நாற்காலியில் அவன். நானோ ஹாலில், மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில். "அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்குமா மாப்பிள்ளை?" "அங்க வாடகை என்ன இருக்கும்?" நிலாவைப் பற்றிய புகாருக்கும் நான்தான் பதில்.

கடைசியாக ஒரு திட்டம் போட்டேன். டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் தேவை என்று நிரூபித்துவிட்டால் போதும். மோட்டாருக்கு எண்ணெய் விடுகிறேன் என்று மாடி ஏறி, பக்கத்துத் திருகை லேசாகத் தளர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேமரா மெல்ல நழுவியது. டிவியில் நிலா கரைந்து மறுபடியும் தும்மல் ஆனது. எனக்குள் பட்டாசு வெடித்தது.

"அய்யோ," என்றேன், முடிந்தவரை சோகமாக. "இதுக்குத்தான் மேல ஒரு ஆள் இருக்கணும்னு தலைதலையா அடிச்சுக்கறேன். நகருங்க, நான் போறேன்."

எழுந்தேன். மனைவி போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னாள். மாடியிலிருந்து மச்சினன் குரல் வீதிக்கே கேட்டது.

"திருகு லூசாகியிருக்குக்கா! இறுக்கிட்டேன்!"

டிவியில் நிலா பளிச்சென்று வந்து நின்றது.

"நீங்க சொன்னது வாஸ்தவம்ங்க," என்றாள் மனைவி, என் தோளை அழுத்தி உட்கார வைத்தபடி. "தம்பி மேலேயே இருக்கட்டும்."