மாமா கேட்ட திராட்சைத் தோட்டம்

பஸ் சன்னிவேலை விட்டு ஃப்ரீவேயில் ஏறக்கூட இல்லை, அதற்குள் ஆளுக்கொரு கண்ணாடிக் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டாள் டெபி. நீளக் காம்பு வைத்த கிளாஸ். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு வேறு.

டூர் கைடு என்றால் மலையைக் காட்டுவாள், ஆற்றைக் காட்டுவாள் என்று சாந்தகுமார் நம்பியிருந்தான். எடுத்த எடுப்பிலேயே கிளாஸைக் காட்டுவாள் என்று யார் கண்டது?

பக்கத்து சீட்டில் மாமனார் வேதமாணிக்கம் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எதைக் கையில் கொடுத்தாலும் திருத்த வந்த பரீட்சைப் பேப்பரைப் போலத்தான் பார்ப்பார்.

"மாப்ளே, இது என்னத்துக்கு?"

"ஜூஸ் குடிக்க மாமா. திராட்சை ஜூஸ். தோட்டத்துல குடுப்பாங்க."

"ஜூஸா! அப்படிச் சொல்லும்." கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

பின் சீட்டில் மாமியார் சொர்ணபாய் தன் பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். வீட்டில் பேசுகிற வேலை முழுவதும் அவருடையது.

தூத்துக்குடிப் பக்கத்து ஊரில் வேதமாணிக்கம் முப்பது வருஷம் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். கல்யாண வீட்டில் எவனாவது கொல்லைப்பக்கம் போய்விட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வந்தால், பந்தியிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்லுகிற ஆள். அப்பேர்ப்பட்ட மனிதரை நாப்பாவின் ஒயின் தோட்டங்களுக்கு டூர் கூட்டிப்போகிற பஸ்ஸில் ஏற்றியது யார் என்று கேட்டால், அவரேதான்.

சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷமாக பைபிளில் வரும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவர், ஒரு திராட்சைக் கொடியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அமெரிக்கா வந்த இரண்டாம் நாளே பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டார். மலைப்பக்கம், திராட்சைத் தோட்டம், கைடு, ஒருநாள் பயணம். "மாப்ளே, இதுக்குப் போகணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து சாந்தகுமாரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவன் தம்பி ஆலன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். மாமனாரின் இளைய மகள் ஜோவானாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஜோவானாவும் அப்படியே. மாமனார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "பத்து நாள் உங்க வீட்ல இருந்து பாக்கேன். குடும்பம் எப்படின்னு தெரிஞ்சிரும்லா" என்று சொல்லித்தான் வந்திருந்தார்.

அதனால் சாந்தகுமார் ஒரு கணக்குப் போட்டிருந்தான். தோட்டத்தைக் காட்டுவது, குடிக்கிற கட்டம் வந்தால் பாத்ரூம் சாக்கில் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுவது. அந்தக் கணக்கில் கழுத்தில் தொங்கும் கிளாஸ் இல்லை.

மாமனாரைப் பற்றி அவனுக்கு ஒரு பெருமை உண்டு. மூத்த மகள் ஜெயசெல்விக்கு வந்த ஏழு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்தவர், சாந்தகுமார் பெண் பார்க்கப் போன அன்று மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் அவன் தோளில் கை போட்டு, "மாப்ளே, தேதி பாத்துருவமா?" என்று கேட்டார். "ஒரே பார்வை. மனுஷனை எடைபோடத் தெரிஞ்சவர்" என்று சன்னிவேல் நண்பர்களிடம் இவன் சொல்லாத நாள் கிடையாது.

முதல் தோட்டத்தில் பஸ் நின்றது. நல்ல செப்டம்பர் வெயில். மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கொடிகள், கறுத்த குலைகள். வேதமாணிக்கம் ஒரு கொடியைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷமா போர்டுல படம் போட்டுட்டே இருந்தேன் மாப்ளே. எல்லாம் தப்பாப் போட்டிருக்கேன். இலை இப்படில்லா இருக்கு!"

சாந்தகுமாருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட்டி வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! மிச்சப் பொழுதும் இப்படியே ஓடிப்போய்விட்டால் தேவலை என்று நினைக்கும்போதே, டெபி எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிக் கை தட்டினாள்.

அவன் முன்னால் ஓடி அவளைத் தனியாகப் பிடித்தான். என் மாமனார் மதுவைத் தொட மாட்டார், அவருக்கு மட்டும் வெறும் ஜூஸ் கொடுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சினான்.

டெபியின் முகம் இளகியது. "எத்தனை வருஷமாக?"

சங்கத்தைக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று, "முப்பது வருஷம்" என்றான்.

டெபி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குடித்துக் குடித்துச் சீரழிந்து, மனம் திருந்தி, முப்பது வருஷமாகத் தொடாமல் இருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டது சாந்தகுமாருக்கு எப்படித் தெரியும்? தானே ஓடிப்போய் அசல் ஜூஸ் வாங்கி வந்தாள். வேதமாணிக்கத்தை இறுகக் கட்டிப்பிடித்தாள். பிறகு பஸ் கூட்டம் மொத்தத்தையும் பார்த்து ஏதோ சொல்ல, முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஹெட்மாஸ்டருக்கு எழுத்து இங்கிலீஷ் அத்துப்படி. டெபி பேசுகிற இங்கிலீஷ்தான் காதில் ஏறவில்லை.

"என்னத்துக்கு மாப்ளே கை தட்டுதாவ?"

"அது... உங்க சங்கத்தைப் பத்திச் சொன்னேன் மாமா. மதுவிலக்குக்கு முப்பது வருஷமா உழைச்சிருக்கீங்கன்னு."

"அதுக்கா இப்படித் தட்டுதாவ? அப்பம் எல்லாரும் நம்ம கட்சியா?"

"ஆமா மாமா" என்று வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு அதை எங்கே போய் அள்ளுவது?

இரண்டாவது இடத்தில் பாதாள அறை மாதிரி ஒன்றுக்குள் இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கு மரப் பீப்பாய்கள்.

"இதுல என்ன மாப்ளே?"

"ஜூஸ்தான் மாமா. ஸ்டாக் வச்சிருக்காங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம், மூணு வருஷம்..."

"ரெண்டு வருஷமா! புளிச்சிராதா?"

"இங்க குளிர் மாமா. புளிக்காது." சொல்லிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

சொர்ணபாய் மட்டும் ஒவ்வொரு பீப்பாயாகக் கிட்டப் போய் முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் வாய் திறந்ததே அங்கேதான். "மாப்ளே, இவிய கோதுமை போட மாட்டாவளோ?"

"கோதுமையா? எதுக்கு அத்தை?"

"சும்மா கேட்டேன்."

கோதுமையைப் பற்றி யோசிக்கிற நிலைமையிலா அவன் இருந்தான்? அதற்குள் கூட்டம் இரண்டு இடத்திலும் சேர்த்து ஆளுக்கு ஏழெட்டு கிளாஸ் முடித்திருந்தது. சிரிப்பும் பாட்டுமாக இடமே அதிர்ந்தது. மீசை வைத்த ஒரு தடியர் வேதமாணிக்கத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்.

வேதமாணிக்கத்துக்குப் பரவசம் தாங்கவில்லை. "பாத்தீரா மாப்ளே! வெறும் ஜூஸைக் குடிச்சிட்டு எம்புட்டுச் சந்தோஷமா இருக்காவ! குடியாத மனுஷன் முகத்துல உள்ள களையே தனி. சாப்பிடுகதுக்கு முன்னால இவங்ககிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

சாந்தகுமார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வெளியே ஓடி, பே ஃபோனில் ஜெயசெல்வியைப் பிடித்தான். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடாமலிருக்க ஒய்-டூ-கே டெஸ்டிங் என்று அவள் சனிக்கிழமையும் ஆஃபீஸில் கிடந்தாள்.

"உங்க அப்பா இங்க மதுவிலக்குப் பிரசங்கம் பண்ணப்போறாரு! நான் என்ன பண்ண?"

"ஐயய்யோ! அவர்கிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இப்பம் சொல்லிரட்டா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பாகிட்ட எதையும் சொல்லிராதீங்க! எந்தப் பெரிய விஷயமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் பேசணும்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க. எனக்கு மீட்டிங் இருக்கு, சமாளிங்க." வைத்துவிட்டாள்.

சமாளிங்க! சொல்லுகிறவர்களுக்கென்ன?

அவன் திரும்பி வருவதற்குள் மாமனார் பிக்னிக் மேஜைக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூட அசெம்பிளியில் பேசுகிற அதே கம்பீர இங்கிலீஷ். உலகமே குடியில் அழிகிற காலத்தில், ஒரு துளி மதுவைக்கூடத் தீண்டாத உங்களைப் போன்ற நல்லோரைக் கண்டதே என் பாக்கியம் என்றார்.

மேஜையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த டூரிலேயே சிறந்த ஜோக் என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் கிளாஸைத் தூக்கி அவருக்கு "சியர்ஸ்" சொன்னார்கள். மீசைத் தடியர் கண்ணீரைத் துடைத்தபடி வந்து, தான் வாங்கிய பாட்டில்களில் ஒன்றை அன்பளிப்பாக அவர் கையில் திணித்தார்.

வேதமாணிக்கம் எதையும் வாசிக்காமல் விட்டவர் இல்லை. லேபிளின் அடியில் இருந்த பொடி எழுத்துவரை கட்டைவிரலை ஓட்டினார்.

"ஆல்கஹால் பதினாலு பெர்சன்ட்" என்று உரக்க வாசித்தார்.

சாந்தகுமார் பாட்டிலை வாங்கக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"மாப்ளே. காலையிலருந்து என்னை எங்க கூட்டிட்டு அலையுதீரு?"

"மாமா, தோட்டம் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்க... உங்க மனசு கோணக்கூடாதுன்னு..."

"சாராயக் கடையில நிறுத்தி வச்சுல்லா எனக்குக் கை தட்ட வச்சிருக்கீரு! வாயத் தொறந்தா பொய்! அண்ணனே இப்படின்னா தம்பி எப்படி இருப்பான்? ஜோவானா கிடையாது. ஊருக்குப் போனதும் வேற மாப்பிள்ளை பாக்கேன். பேச்சு முடிஞ்சிட்டு."

ஒரு வருஷமாக ராத்திரிக்கு ராத்திரி டல்லாஸிலிருந்து ஃபோன் போட்டு "அண்ணே, மாமா என்ன சொல்றாரு?" என்று கேட்கிற தம்பியை நினைத்தபோது சாந்தகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பஸ் டூரில் பையன் வாழ்க்கையைக் கெடுத்தாயிற்று.

மாமனார் தூரத்தில் ஒரு ஓக் மரத்தடியில் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டார். டூர்க்காரன் கொடுத்த சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்றார். சொர்ணபாய் அவசரமே படவில்லை. கைப்பையிலிருந்து எலுமிச்சைச் சாதமும் கோழி வறுவலும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பட்டினி கெடந்தா வயித்துல புண்ணு வரும். திட்டுகதுக்காவது தெம்பு வேண்டாமா? சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. முடிந்ததும் அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சின்ன எவர்சில்வர் டம்ளரையும் எடுத்தாள். கறுப்பாக ஏதோ ஜீரண மருந்து. ஊரிலேயே அவள் கையால் போட்டு, துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. தினமும் மதியம் ஒரு டம்ளர் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து தவறியதில்லை.

குடித்து முடித்தார். அவள் மறுபடியும் ஊற்றினாள்.

"என்னட்டி, ரெண்டு?"

"கோவத்துல சாப்பிட்டிருக்கீங்க. லேசுல ஜீரணம் ஆகாது. குடிங்க."

அதையும் குடித்தார்.

சாயங்காலம் பஸ் திரும்பியபோது மலையெல்லாம் மஞ்சள் வெயில். சாந்தகுமார் மாமனார் பக்கம் திரும்பவே பயந்து கைகட்டி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மெல்லிய பாட்டுச் சத்தம் கேட்டது. வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனையை இழுத்துக்கொண்டிருந்தார். மீசைத் தடியர் முன் சீட்டில் தொடையில் தாளம் போட்டார்.

சட்டென்று ஒரு கை சாந்தகுமாரின் தோளில் விழுந்தது.

"மாப்ளே. யோசிச்சுப் பாத்தேன். எனக்காகத்தானே இம்புட்டுப் பாடுபட்டிருக்கீரு. கெட்ட மனசு இல்ல உமக்கு. உம்ம தம்பியும் உம்ம மாதிரிதானே இருப்பான். ஜோவானாவுக்கு ஆலன்தான். கிறிஸ்மஸ் கழிச்சு ஒரு தேதி பாத்துருவமா?"

சாந்தகுமாருக்கு நம்பவே முடியவில்லை. "மாமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அதற்குள் அவன் தோளிலேயே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்திருந்தார். எப்பேர்ப்பட்ட மனுஷன்! எவ்வளவு கோபம் வந்தாலும் கடைசியில் ஒருத்தன் குணத்தைச் சரியாக எடைபோட்டுவிடுகிறார் பார். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். இறங்கியதும் தம்பிக்கு ஃபோன் போட வேண்டும்.

வளைவில் பஸ் திரும்பியபோது, பின் சீட்டுக்கடியிலிருந்து எவர்சில்வர் டம்ளர் உருண்டு வந்து அவன் காலில் முட்டியது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தான். குப்பென்று வாசனை ஏறியது. காலையிலிருந்து அந்தப் பீப்பாய் அறையெல்லாம் அடித்த அதே வாசனை, கோதுமை புளித்த நெடியோடு அதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே.

அவன் மெதுவாகப் பின்னால் திரும்பினான். "அத்தை... இது..."

சொர்ணபாய் டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே, எந்திரிச்சிருவாவ. உங்க தம்பி தங்கமான பையன், ரெண்டு டம்ளர்லயே முடிஞ்சிட்டு. உங்களுக்கு இவியளைச் சம்மதிக்க வைக்கதுக்கு, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் மூணு ஊத்த வேண்டியிருந்துது."