அஞ்சு நாள் கழிச்சு வாங்க

திருவண்ணாமலையில் கடை போட்டவர்கள் எல்லாரும், வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘அஞ்சு நாள்’தான். அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மருந்துக்கடை வரை யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப். அதில் அவர் டெக்னீஷியன். நான் வாசல் கவுண்டரில் உட்கார்ந்து, பேர் எழுதி, ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். அவருக்கும் பொதுஜனத்துக்கும் நடக்கிற சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதும் என் வேலைதான்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வருவார்.

“ஜொரங்க. டைபாய்டு டெஸ்ட் எடுத்துடுங்க.”

“எத்தினி நாளா?”

“நேத்து சாயந்தரத்துல இருந்து.”

“அப்ப அஞ்சு நாள் கழிச்சு வாங்க.”

“இன்னாங்க இது? ஜொரம் இப்பத்தான கீது. அஞ்சு நாள் கழிச்சு வந்தா அதுவே பூட்டிருக்குமே!”

“ஜொரம் வந்துட்டுதுங்க. அதை எதிர்க்கிற ஆளு இன்னும் வரல. இந்த டெஸ்ட்ல நான் தேடுறது அந்த ஆளைத்தான். நீங்க இப்பவே டாக்டரைப் பாருங்க, அவர் குடுக்கிற மருந்தைச் சாப்பிடுங்க. கிருமியையே தேடுற டெஸ்ட் எழுதினார்னா உடனே ஓடி வாங்க, எடுத்துத் தர்றேன்.”

அந்த எதிர்க்கிற ஆளுக்கு ஆன்டிபாடி என்று பேர். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று போட்டிருக்கும். புதுக் கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதைப் பார்த்து, அதற்கென்றே அளவெடுத்து ஆன்டிபாடி செய்வதற்குச் சில நாள் பிடிக்கும். இது எனக்குத் தெரிந்தது அவரால்தான். எனக்கென்ன, லேபுக்குத் தண்ணி கேன் போட வருகிறவருக்கும் தெரியும்.

விளக்கம் கேட்டால் போதும், மனிதர் எழுந்து நின்றுவிடுவார். இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து விரித்துத் தூக்குவார். காலை ஒட்ட வைத்துக்கொள்வார். பார்க்கக் கவட்டைக் குச்சி மாதிரி இருக்கும்.

“இப்ப நான்தான் ஆன்டிபாடி. இந்த ரெண்டு கை நுனி இருக்கு பாருங்க, அது ஒவ்வொரு கிருமிக்கும் வேற வேற. டெங்குவைப் புடிக்கிற கை டைபாய்டைத் தொடாது. கீழ இருக்கிற தண்டு ஒரு இனத்துக்குள்ள எல்லாத்துக்கும் ஒரே மாதிரி. கை திருடனைப் புடிச்சிக்கும். தண்டு மத்த செல்லுங்களைக் கூப்பிட்டு, வாங்கப்பா, வந்து முடிங்கன்னு சொல்லும்.”

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் போய்க் கால் வீங்கிய ஒரு கூட்டம் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தது. இவர் வாசலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வாசல் வழியே மலை தெரியும். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி மொத்த பெஞ்சும் கையைத் தூக்கி, “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று ஒரு போடு போட்டது. நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவர் கையை இறக்கவே இல்லை. “பாத்தியாம்மா? உள்ள இப்படித்தான் கோடிக்கணக்குல நிப்பாங்க” என்றார் பரவசமாக.

பரவசம் அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. சிக்குன்குனியா வந்து முட்டி மடக்க முடியாத ஒருவர், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ரிப்போர்ட் வாங்க வந்தார். இவர் உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கங்கிராட்ஸ்ங்க! உங்க ஆன்டிபாடி சூப்பரா வந்திருக்கு!”

“யோவ், நான் நடக்க முடியாம தொங்கிகினு கீறேன். கங்கிராட்ஸா சொல்ற?”

இப்படிப்பட்டவரை முதலாளி ஏன் வைத்திருந்தார் என்று கேட்பீர்கள். முதலாளியும் வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதெல்லாம், இன்றைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வருவார். “பக்கத்து தெருவுல கேட்ட அன்னிக்கே குடுக்கறான், நீங்க ஏன்ணே இப்படி?” என்பார். “அவசரப்பட்டுப் பாத்தா இருக்கிறதுகூட இல்லைன்னுதாங்க வரும்” என்று பதில் வரும். ஊரிலிருந்த பிரசவ டாக்டரம்மா ஒருவர், “அந்த ஆள் கையெழுத்து இருந்தால்தான் ரிப்போர்ட்டைப் பிரிப்பேன்” என்று சொல்லிவைத்திருந்ததால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிவிடுவார்.

ஆன்டிபாடியிலும் அவருக்குச் செல்லம் உண்டு. முதலில் வருவது எம் என்கிற வகை. ஐந்து கவட்டைகள் அடியில் ஒட்டிக்கொண்ட பெரிய உருப்படி. ஜாஸ்தி நாள் நிற்காது. பின்னால் வருவது ஜி. ஒண்டியாள், சின்னது, நின்று வேலை செய்யும். “தாய்கிட்ட இருந்து வயித்துல இருக்கிற புள்ளைக்குப் போறது இது ஒண்ணுதாம்மா. பொறந்த குழந்தைக்குச் சொந்தமா ஒண்ணும் இருக்காது. அம்மா குடுத்த ஜியை வெச்சுத்தான் மொத சில மாசத்தைத் தள்ளும்” என்று சொல்லும்போது அவர் குரலே குழையும்.

அந்த ஜியால்தான் எனக்குத் தூக்கம் போனது.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். என் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ். மூத்தவன் கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அவனும் பாசிட்டிவ். அப்போது நான் லேபில் சேரவில்லை. பிள்ளையின் ரத்தம் பிரசவத்தில் தாய் ரத்தத்தோடு கொஞ்சம் கலந்துவிடும். தாயின் உடம்பு அதை வேற்றாளாக நினைத்து ஆன்டிபாடி செய்துவிட்டால், அது ஜியாக உள்ளே போய் அடுத்த பாசிட்டிவ் பிள்ளையை வயிற்றிலேயே தாக்கும். அப்படிச் செய்யாமல் தடுக்க மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த ஊசியை வாங்கத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய நாள், மகா தீபம். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஐஸ் டப்பாவோடு அத்தனை ஜனத்துக்குள் மாட்டி, அவர் கீழ்பென்னாத்தூர் வந்து சேர்ந்தபோது நான்காம் நாள் பிறந்துவிட்டது. ஊசி போட்டார்கள். வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது உண்டானபோது டாக்டரம்மா பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். என் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டை அஞ்சு நாளிடம் நீட்டினேன். படித்தார். கையைத் தூக்கவில்லை. விளக்கவில்லை. “உக்காரும்மா” என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அது பொறுமையான வேலை. என் ரத்தத்தின் தெளிந்த நீரைப் பாசிட்டிவ் செல்களோடு சேர்த்து உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் செல்லில் போய் ஒட்டும். பிறகு செல்லைக் கழுவி, ஆன்டிபாடியையே பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடியை மருந்தாக விட்டு மெஷினில் சுற்ற வேண்டும். திரிதிரியாகக் கட்டி தட்டினால் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனையும் எனக்கு அவர் சொல்லித் தந்ததுதான். அன்றைக்கு ஏன் கற்றுக்கொண்டோம் என்று இருந்தது.

வாசலில் உட்கார்ந்து டைப் அடித்தேன். மீசை வைத்த ஒரு தாத்தாவுக்குக் கர்ப்பம் உறுதி என்று அடித்துக்கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடி கொண்டு வராததால் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளினேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் என் பேர் எழுதிய மூன்று ட்யூப். எடுத்து லேசாக ஆட்டிப் பார்த்தேன். மூன்றிலும் சிவப்பாகக் கட்டி கட்டியாக நின்றது.

“அண்ணா, கட்டி இருக்குண்ணா. எம்புள்ள போச்சா?” என்று வாய்விட்டு அழுதேன்.

ஈரக் கையோடு ஓடிவந்தார். “ஐயய்யோ, இல்லம்மா, அழுவாதம்மா. அது கடைசியா நான் போட்டது. உன்னுதுல கட்டவே இல்ல. சும்மா பால் மாதிரி கலைஞ்சிட்டுது. ஒருவேளை மருந்து கெட்டுப்போயிதான் கட்டலையோன்னு பாக்கணும் இல்ல? அதுக்கு ஆன்டிபாடி ஒட்டின செல்லை அதுலயே நானா விட்டேன். கட்டிச்சு. அப்படின்னா மருந்து நல்லா இருக்கு, உன் ரிசல்ட் நிஜம். உன்கிட்ட அந்த ஆன்டிபாடி ஒண்ணுகூட இல்லம்மா!”

வாழ்நாள் முழுக்க ‘இருக்கு’ என்று சொல்லிச் சந்தோஷப்பட்ட மனிதர், அன்றைக்கு ‘இல்ல, இல்ல’ என்று அத்தனை தரம் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் கிண்டல் செய்து நான் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். “ஒரு ட்யூப் போதுமேண்ணா. எதுக்கு மூணு?”

அவர் ட்யூப்களை ஸ்டாண்டில் நேராக வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒண்ணுலயே தெரிஞ்சுபோச்சும்மா. எனக்குத்தான் மனசு கேக்கல.”