பதினேழாம் நம்பர் வீடு செத்த கதை

1981-ஆம் வருஷம், மலேசியாவில் ஆயர் தாவாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பத்துமலை என்பவர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தமது வீட்டுக் கூரைக்கு இரண்டு தகரம் வேண்டி நான்காவது வருஷமாக மனு கொடுத்தார். மனு, வழக்கம்போல, மேலிடத்தின் கனிவான பரிசீலனைக்குப் போனது. கூரையில் இருந்த ஓட்டையோ சரியாக அவர் படுக்கைக்கு மேலே இருந்தது. மழை பெய்தால் பாயை இழுக்க வேண்டும். பெய்யாவிட்டால் பெய்யுமோ என்று முழித்துக் கிடக்க வேண்டும். மனுஷர் தூங்கி வருஷக் கணக்காகிறது.

அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஜெயபாலன். அக்கா மகன். பத்துமலையின் பதினேழாம் நம்பர் வீட்டில் வளர்ந்தவன், இப்போது லண்டனில் மேல்பட்டம் படிக்கிறான். என்ன படிப்பு? எஸ்டேட் மேனேஜ்மென்ட். எஸ்டேட்டை மேனேஜ் பண்ணுகிறவருக்குப் பேர் என்ன? துரை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நம்ம பையன் துரையாக வந்து இறங்கப் போகிறான் என்று லயத்தின் நாற்பத்திரண்டு வீடும் பூரித்துப் போய்க் கிடந்தது.

ஆகஸ்ட் மாதம் ஜெயபாலன் வந்தான். கழுத்தில் டை, கையில் அளவு டேப்பு. மாலை போட்டார்கள். அவன் மாலையைக் கழற்றிவிட்டு, தன் படிப்புக்கும் பால்மரத்துக்கும் சம்பந்தமே இல்லை, இது நிலம், கட்டடம் முதலான சொத்துகளை நிர்வகிக்கும் படிப்பு என்று பொறுமையாக விளக்கினான்.

"நிலமும் கட்டடமும் இல்லாத எஸ்டேட்டு எந்த ஊருலடா இருக்கு?" என்றார் பத்துமலை.

பாடப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மூன்று வாரம் அளந்தான். சுவரைத் தட்டினான், கதவை ஆட்டினான், கக்கூஸ் வாசலில் நின்று குறிப்பெடுத்தான். ஆராய்ச்சிக்கு நம்ம லயத்தையே எடுத்துக்கொண்டானே என்று ஊருக்கே பெருமை. திரும்பிப் போனவன், அனுமதி கொடுத்த மரியாதைக்காக ஆய்வேட்டில் ஒரு பிரதியைத் தோட்ட ஆபீசுக்கு அனுப்பி வைத்தான். முதல் பக்கத்தில் மாமாவுக்கு நன்றி. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மாமா வீடு.

கிராணி சன்னாசி, ஆபீசில் எழுத்து வேலை எல்லாம் பார்ப்பவர், பத்துமலையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அண்ணே, உங்க வீட்டோட பொருளாதார ஆயுள் ஐம்பத்தொண்ணுலயே முடிஞ்சிருச்சாம். உங்க மருமகன் எழுதியிருக்காரு. செத்த வீட்டுக்குத் தகரம் போட ரூல் இல்லலா."

"நான் குடிவந்ததே ஐம்பத்திமூணுல. அப்ப என் நாலு பிள்ளைகளும் செத்த வீட்டுலயா பொறந்துச்சு?"

"ரெக்கார்டுபடி அப்படித்தான்."

தூக்கி வளர்த்த பயல், ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டைக் கொன்றுவிட்டானே என்று பத்துமலை பொருமினார். ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தொழிலாளி வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு நாள் லீவு உண்டா இல்லையா என்று நிதானமாகக் கேட்டார். உண்டு என்றார் கிராணி.

"வீட்டுல ஒருத்தர் செத்தாலே ரெண்டு நாள். இங்க வீடே செத்துப்போச்சு."

சன்னாசி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மறுத்து ஒரு வரி இல்லை. போராங் என்கிற படிவத்தை எடுத்து, இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'வீடு, எண் 17' என்றும், உறவு முறை என்ற இடத்தில் 'குடியிருப்பவர்' என்றும் நிரப்பினார். துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதைத்தான் படித்தார்?

விஷயம் லயம் முழுக்கப் பரவியது. ஆய்வேட்டில் நாற்பத்திரண்டு வீடும் செத்திருந்தது. நாற்பத்திரண்டு வீட்டாரும் கைநாட்டு வைத்து லீவு எடுத்தார்கள். இரண்டு நாள் ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி துக்கத்துக்கு ஆடு அடித்தாள். ஒழுங்கு தவறாத சன்னாசி, செத்த வீடுகளை எல்லாம் ஆபீசு வீட்டுப் பட்டியலில் இருந்து சிவப்பு மையால் அடித்தார். முதல் நம்பர் வீடு அவருடையது. அதையும் அடித்தார்.

மறு வருஷம் ஜெயபாலன் தேறி ஊர் திரும்பினான். பட்டச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். ஈப்போவுக்கும் ஆயர் தாவாருக்குமாக பஸ்ஸில் அலைந்து அலுத்தவன், கடைசியில் கிராணியிடம் போய் நின்றான்.

"ஆபீசுக்கு வந்துச்சே. பதினேழாம் நம்பர்னு போட்டிருந்துச்சு. பட்டியல்ல அப்படி ஒரு வீடு இல்ல. லண்டனுக்கே திருப்பி அனுப்பிட்டேன்லா," என்றார் சன்னாசி.

"அண்ணே, நான் அந்த வீட்டுலதானே இருக்கேன்?"

"இருக்கீங்க. வீடுதான் இல்ல."

வீட்டை மறுபடி பட்டியலில் சேர்க்க வழி உண்டா என்று கேட்டான். தாராளமாக உண்டு. வீடு உயிரோடு இருக்கிறது என்று தகுதி பெற்ற ஒருவர் எழுதித் தர வேண்டும். தகுதி என்றால் எஸ்டேட் மேனேஜ்மென்ட் பட்டம். பட்டம் பெற்றவன் நான்தான் என்றான் ஜெயபாலன். சான்றிதழைக் காட்டச் சொன்னார் கிராணி.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் லயமே கூடியது. ஏதாவது செய்து வீடுகளுக்கு உயிர் கொடுங்கள், எல்லாருக்கும் தகரம் வரும், என் சான்றிதழும் வரும் என்று ஜெயபாலன் கெஞ்சினான். அழாத குறை. சன்னாசிக்கும் மனசு இளகியது. அவர் கூரையும் ஒழுகத் தொடங்கியிருந்தது. பட்டம் இல்லாவிட்டாலும் போகிறது, எல்லாரும் சேர்ந்து கைநாட்டு வைத்தால் துரையிடம் கையெழுத்து வாங்கிவிடலாம், அவர் எங்கே படிக்கப் போகிறார் என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

"ஒண்ணே ஒண்ணு. வீடு சாகலைன்னா சாவு லீவு செல்லாது. அந்த ரெண்டு நாளை வர்ற தீபாவளி லீவுல கழிச்சுக்குவாங்க," என்றார் கிராணி.

கோயில் வாசலில் எல்லாரும் விரல் விட்டு நாள் எண்ணினார்கள். வீடு செத்தபடியே இருக்கட்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சன்னாசி.

நாற்பத்தொரு வீட்டுக் கையும் உயர்ந்தது. ஜெயபாலன் மாமாவைப் பார்த்தான். பத்துமலை வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பக்கெட்டு வச்சா தீந்துச்சு மாப்ளே," என்று சொல்லிவிட்டு அவரும் கையைத் தூக்கினார்.