எண்பத்து மூன்று கட்டைவிரல்கள்

ஹெலன் அம்மாவின் அடுப்பில் பால் பொங்கி வழிந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வழிந்த பாலோடு சேர்த்து அதையும் துடைத்துப் போட்டிருக்கலாம். (செய்யவில்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு வந்த எந்த யோசனையையும் நான் வீணாக்கியதில்லை.)

ஹெலன் அம்மாவும் அவர் கணவர் டேவிட்டும் இங்கிலாந்துக்காரர்கள். அவர் பள்ளிக்கூட டீச்சராகவும், இவர் பஸ் டிரைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வேதாரண்யம் போகிற வழியில் அவர்கள் வந்த பஸ் எங்கள் ஊர் மதகடியில் பஞ்சராகி நின்றது. டயர் மாற்றுவதற்குள் வயல் வரப்பில் கொஞ்சதூரம் நடந்துவிட்டு வந்தவர்கள், மறுவருடம் பெட்டிகளோடு வந்து இறங்கி, சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரின் பூட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். இவ்வளவு நல்ல இடத்தில் எனக்குப் பஞ்சர் ஆனதே இல்லை" என்பார் டேவிட்.

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கான மெயில் வந்ததா என்று நாளைக்கு நாற்பது தடவை பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஊரிலேயே சரளமாக இங்கிலீஷ் பேசும் ஆள் நான்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆகவே அவர்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், பண்பாட்டு ஆலோசகர் என்று மூன்று பதவிகளையும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

கேஸ் புக் பண்ணவும், கொசுவலைக்குள் கொசுவை விடாமல் நுழையவும் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். நார்த்தங்காயில் ஹெலன் அம்மா ஜாம் கிண்டினார். (அப்பா அதைத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார்.) ஒரே ஒரு குறைதான். அதைத்தான் அன்று அடுப்படியில் நின்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சிரிக்கிறார்கள் ரேவதி. முருங்கைக்காய் கொடுக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இப்படியே டூரிஸ்டாக இருப்பதற்கு ஓட்டலிலேயே இருந்துவிடலாமே?"

அடுத்த வருடத்துக்கும் வீடு வேண்டுமா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். டேவிட் சம்மதம்தான். ஹெலன் அம்மா பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் கவனிக்க, பாலை யாரும் கவனிக்கவில்லை.

"மேடம்! குடிவந்ததுக்கு நீங்க பாலே காய்ச்சலையே!" என்று கத்தினேன். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, ஊரைக் கூப்பிட்டு, இலை போட்டுச் சாப்பாடு. முடிந்தது பிரச்சினை!

ஹெலன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்கினார். "போன வாரம் ரெண்டு பெண்கள் தட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்களே. நாங்களும் அப்படிப் போக வேண்டுமா?"

பண்பாட்டு ஆலோசகர் சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம் மேடம். இப்ப எல்லாம் வாட்ஸ்அப்தான்."

போனிலேயே ஓரத்தில் தாமரைப்பூ, நடுவில் வெள்ளிச் சொம்பு என்று அழைப்பிதழ் செய்து ஊர் குரூப்பில் போட்டேன். சாயங்காலத்துக்குள் எண்பத்து மூன்று கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. ஒரு விரலுக்கு ஒன்றரை ஆள் என்று கணக்குப்போட்டு, நூற்று இருபத்தைந்து பேருக்குச் சமைக்கச் சொல்லிவிட்டேன். (இன்ஜினியரிங்கில் நான் முதல் வகுப்பு.)

விருந்துக்கு முதல்நாள் சாயங்காலம் அம்மா கேட்டாள். "ஏண்டி, அவங்களை அழைச்சுக்கிட்டு வீடு வீடா போய்க் கூப்பிட்டியா?"

"குரூப்ல போட்டாச்சும்மா."

"குரூப்ல போட்டா குரூப்லதான் சாப்பிடுவாங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அம்மா மேற்கொண்டு பேசாமல் கீரையை ஆய ஆரம்பித்தாள். அம்மா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டார் மூன்று பேரும் பக்கத்தில் நிற்க, பால் அழகாகப் பொங்கியது. பன்னிரண்டு மணிக்கு வாசலில் பந்தல், நாற்காலி, சந்தனக் கிண்ணம் எல்லாம் தயார். ஹெலன் அம்மா பதினோரு ஊக்குகளின் உதவியால் பட்டுப்புடவையில் இருந்தார். டேவிட்டின் வேட்டிக்கு மேல் அவருடைய பழைய டிரைவர் பெல்ட். கையில் பன்னீர்ச் செம்போடு இருவரும் கேட்டில் நின்றார்கள்.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு ஆடு வந்தது. டேவிட் ஆர்வத்தில் அதன்மேல் பன்னீர் தெளித்தார்.

பால் பொங்கிய போட்டோவைக் காலையிலேயே குரூப்பில் போட்டிருந்தேன். என் போன் விடாமல் கிணுகிணுத்தது. 'வாழ்த்துகள்.' 'சூப்பர்.' 'வாழ்க வளமுடன்.' எதிர்வீட்டுச் செல்வி அக்காகூட நான்கு ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். பத்தடி அகலத் தெருவைத் தாண்டி ரோஜா வந்தது, அக்கா வரவில்லை.

ஒரு மணிக்குச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "பாப்பா, சாம்பார் ஆறுது. ஊர்ல எதுவும் துக்கமா?"

ஹெலன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "நாம் எதுவும் தப்பு செய்துவிட்டோமா ரேவதி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பரவாயில்லை. வீட்டுக்காரருக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்" என்றார். என்ன பதில் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. டேவிட் பன்னீர்ச் செம்பைத் தரையில் வைத்தார்.

அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் ஹெலன் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். உள்ளே செல்வி அக்கா அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் காசுமாலை என்று கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், முகம் பசியில் வாடிப்போய்.

"என்ன செல்வி, சாப்பிட வரலை?"

"யாரு அண்ணி கூப்பிட்டா?"

"அக்கா, போன்ல வந்துச்சே!" என்றேன்.

"போன்ல தினமும் குட்மார்னிங்கூடத்தான் காபி டம்ளரோட வருது. அதைக் குடிச்சுட முடியுதா? வாசப்படி ஏறி வாய் நிறைய 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மாட்டாங்களான்னு காலையிலேருந்து உட்கார்ந்திருக்கேன். அடுப்புகூடப் பத்த வைக்கலை."

"அடுத்த வீட்லயும் பத்த வைக்கலை," என்றார் அவர் கணவர், தாங்க முடியாமல். "தெருவுலயே வைக்கலை."

நான் கூசிக் குறுகி அதை இங்கிலீஷில் சொன்னேன். தெருவின் நாற்பது வீட்டாரும், குளித்து உடுத்தி, வெறும் வயிற்றோடு அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஹெலன் அம்மா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், ஒரு எவர்சில்வர் தட்டில் குங்குமமும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு டேவிட்டோடு திரும்பி வந்தார். செல்வி அக்கா முன்னால் தட்டை நீட்டி, எதற்கோ மனப்பாடம் செய்து வைத்திருந்த தமிழில் சொன்னார்:

"நாங்க உங்க ஊருக்கு வந்துட்டோம். நீங்க எங்க வீட்டுக்கு வாங்க."

செல்வி அக்கா குங்குமத்தை எடுத்துக்கொள்வதற்குள் அவர் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்.

அந்த உச்சி வெயிலில் நாற்பது வீட்டு வாசற்படிகளையும் ஏறி இறங்கினார்கள். பாதியில் இரண்டு ஊக்குகள் விட்டுப்போயின, அம்மா குத்திவிட்டாள். தட்டு நகர நகர, பின்னாலேயே தெரு நடந்து வந்தது. கேட்டைத் தாண்டி முதலில் வந்த செல்வி அக்கா நேராக அடுப்படிக்குள் போய், "என்ன ஹெலன் அம்மா, பருப்பு டப்பாவை இவ்வளவு உயரத்துலயா வைப்பாங்க?" என்று கீழே எடுத்து வைத்தார். அதை நான் மொழிபெயர்த்தபோது ஹெலன் அம்மா அழுதார். இந்தத் தடவை நானும்தான்.

நான்கு பந்தி நடந்தது. நாலுக்கும் தண்ணீர் ஊற்றியது நான். கடைசியில் ஒரு ஓரமாக இலையைப் போட்டு உட்காரப் போனேன்.

"இவளை யாரு கூப்பிட்டா?" என்றாள் அம்மா.

பந்தலே சிரித்தது. ஹெலன் அம்மா போய்த் தட்டை எடுத்து வந்து, என் முன்னால் நீட்டி, "வாங்க" என்றார்.

அவர்கள் இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலைக்குப் போய்ப் பல வருடமாகிறது. ஆனால் இன்றும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டால், "நேர்லயா, குரூப்லயா?" என்றுதான் கேட்பார்.

வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்த சந்தோஷத்தில், யோசிக்காமல் அதைப் போட்டோ எடுத்து ஹெலன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். (ஆம். திருந்தவில்லை.)

பதில் உடனே வந்தது. ஒரே ஒரு கட்டைவிரல்.

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போகிறேன். எவர்சில்வர் தட்டு, குங்குமம், கல்கண்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. வீடுகள் நாற்பது. முதல் வீட்டில் ஹெலன் அம்மா பட்டுப்புடவை கட்டி, அடுப்புப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருப்பார்.