ஒற்றைக் கைச் சட்டையும் ஆர்ம்ஹோல் மாஸ்டரும்

உலகத்தில் சண்டை போடுகிறவர்களை இரண்டாகப் பிரிக்கலாம் என்பார் ஆர்ம்ஹோல் மாஸ்டர்: கை தாராளமாகத் தூக்க முடிகிறவன், தூக்க முடியாதவன். வீரம், பலம், மந்திர சக்தி எல்லாம் அப்புறம். திருப்பூரில் துணி வெட்டப் பேட்டர்ன் வரைந்து கொடுக்கிற மாஸ்டர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். செல்போன் விளையாட்டில் குத்துச்சண்டை போடுகிற பொம்மைக்கு இஞ்ச் டேப் பிடித்து அளவெடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்கள் பனியன் கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆர்ம்ஹோல் என்றால் சட்டையில் கை வந்து சேருகிற வளைவு. அந்த வளைவு சரியில்லாவிட்டால் மனிதனுக்கு வாழ்க்கையே சரியில்லை என்பது அவர் கட்சி. ஐம்பது வயது தாண்டியவர். நெற்றியில் பழனி விபூதி, காதில் பென்சில், கழுத்தில் மாலை போல டேப். மதியம் டிபன் கேரியரைத் திறந்ததும் போனையும் திறப்பார். அதில் இரண்டு விஷயங்கள் ஓடும். ஒன்று, அந்த அடிதடி விளையாட்டு. இன்னொன்று, 'பனிக்காட்டுப் படை' என்கிற கார்ட்டூன் தொடர்.

விளையாட்டில் வருகிறவர்களின் பெயர் எதுவும் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம். தலைமுடிப் பின்னலால் சுழற்றி அடிக்கிறவள் சடைக்காரி. இரும்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தலையில் இரண்டு கொம்போடு வருகிறவன் கொம்பன். மாஸ்டர் சடைக்காரி கட்சி. செக்கிங் டேபிளின் செல்வியக்கா கொம்பன் கட்சி. கட்டிங் டேபிளைச் சுற்றி மதியம் ஒரு மணிக்குக் கூடும் அந்தச் சபையில் இந்தி பேசும் தையல்காரர்களும் வந்து உட்காருவார்கள். பேச்சு புரியாவிட்டாலும் அடி புரியும்.

"அந்தப் புள்ள போட்டிருக்கறது லைக்ரா துணிங்க. நாலு பக்கமும் இழுபடும். காலத் தூக்கி மொகத்துல வெச்சாலும் தையல் விடாது. உங்காளு இரும்புக் கோட்டுல ஆர்ம்ஹோலே இல்லீங்க. தோளுக்கு மேல கை போகாது. அப்பறம் எப்பிடிங்க அடிப்பான்?" என்பார் மாஸ்டர்.

"போனக் குடுங்க, காட்டறேன்" என்பார் செல்வியக்கா.

ஆட்டம் ஆரம்பிக்கும். நாற்பது விநாடியில் சடைக்காரி தரையில் கிடப்பாள். தொடர்ந்து பதினான்கு நாள் கிடந்தாள். பதினைந்தாவது நாள் மாஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இந்த கேமப் போட்டவனுக்குத் தையல் தெரியலீங்க."

அதுதான் மாஸ்டர். தோற்பார், ஆனால் தப்பு அவருடையதாக இருக்காது. முப்பது வருடமாக அவர் போட்ட பேட்டர்னில் தப்பு என்று ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை என்பதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார். அவருக்குச் சொத்து, பட்டம் எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

கொம்பனால் கை தூக்க முடியாது என்பதை நிரூபித்தே தீருவது என்று ஒருநாள் கேன்வாஸ் துணியிலும் அட்டையிலும் அதே கோட்டை அளவு பிசகாமல் தைத்துக்கொண்டு வந்தார். மாட்டிப் பார்க்க அயர்ன் செக்ஷனில் இருந்த வாட்டசாட்டமான ஓர் ஆளைப் பிடித்தார். மாட்டியதும் அந்த ஆளின் கை இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெற்றி விழா முடிந்த பிறகுதான் தெரிந்தது, கோட்டைக் கழற்றவும் வழியில்லை. கழற்ற வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டுமே! டீ வந்தது. அயர்ன்காரருக்குச் செல்வியக்காதான் டீயை ஊதி ஊதி வாயில் ஊற்றினார். கடைசியில் கத்தரியோடு போய் வெட்டி எடுத்தோம்.

"கை தூக்காட்டிப் போவுதுங்க மாஸ்டர். அதான் கொம்பு இருக்குதில்லீங்க, முட்டீருவான்" என்றார் செல்வியக்கா.

"அது அழுகுணி ஆட்டம்" என்று மாஸ்டர் எழுந்து போய்விட்டார்.

விளையாட்டில் இப்படியென்றால் 'பனிக்காட்டுப் படை' விஷயத்தில் அவர் பக்தர். அதன் நாயகன் இக்கோ என்கிற பொடியன்; படைக்கு அவன்தான் கேப்டன். மூன்றாவது எபிசோடில் ஒரு தொங்குபாலம் அறுகிறது. இக்கோவின் அண்ணன் பள்ளத்தில் தொங்கிக்கொண்டு தம்பியின் இடது கைச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறான். சட்டைக் கை தோளோடு கிழிந்து வந்துவிடுகிறது. அண்ணன் அந்தத் துணியோடு கீழே போய்விடுகிறான். அதற்குப் பிறகு எத்தனை போர் வந்தாலும், பனி கொட்டினாலும், இடது கை இல்லாத அந்தச் சட்டையைத்தான் இக்கோ போட்டிருக்கிறான்.

நாம் கண் கலங்குகிற இடத்தில் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆர்ம்ஹோல்ல ஒத்தத் தையல் போட்டிருக்கறானுங்க! ரெட்டத் தையலா இருந்தா அண்ணன் பொழச்சிருப்பான். தெச்சவன் கொலகாரனுங்க!" என்பார். தையல்காரப் பெண்கள் யாராவது அவசரத்தில் தையலை விட்டுவிட்டால் பீஸை எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்பார். "கண்ணு, ஒருத்தனோட அண்ணன் உன்ற கையில தொங்கீட்டிருக்கறான். நெனப்பிருக்கட்டும்." அந்தப் பெண் தொடரைப் பார்த்திராவிட்டால் பாடு திண்டாட்டம்தான். தன் அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மெர்ச்சண்டைசராக வேலைக்கு வந்தவன். ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். வந்த முதல் நாளே மாஸ்டர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏனுங் தம்பி, இக்கோ அந்தக் கைய ஏன் மறுக்காத் தெச்சுப் போடல? சொல்லுங்க பாக்கலாம்."

"நூல் இல்லையோ என்னவோ, மாஸ்டர்" என்றேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆனபோது எங்கள் கம்பெனிக்கு ஓர் ஆர்டர் வந்தது. குழந்தைகள் டீ-சர்ட். நெஞ்சில் யார் படம் என்று நினைக்கிறீர்கள்? இக்கோவேதான். மாஸ்டர் அந்தச் செய்தி கேட்ட அன்று கடலை மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். "கேப்டனே நம்ம கம்பெனிக்கு வர்றானுங்க" என்று வாட்ச்மேனிடம்கூடச் சொன்னார்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டையில் படம் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, காகிதத்தில் அச்சடித்து அதைத் துணிமேல் வைத்துச் சூடாக அழுத்துகிற ஸ்டிக்கர். அதற்குப் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும். அப்போதுதான் துணியில் நேராக விழும். இன்னொன்று, துணிமேல் நேரடியாகப் போடுகிற பிரிண்டிங். அதற்குத் திருப்பக் கூடாது. பையர் முதலில் ஸ்டிக்கர் என்றார்கள். பிறகு நேரடிப் பிரிண்டிங் என்று மாற்றினார்கள். பிரிண்டிங் யூனிட்டுக்குப் படத்தை அனுப்பியவன் நான். ஸ்டிக்கருக்காகத் திருப்பி வைத்திருந்த படத்தை அப்படியே அனுப்பிவிட்டேன்.

எழுத்து ஏதாவது இருந்திருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். எழுத்தே இல்லாத படம். சாம்பிள் போனது. பையர் ஆபீசில் அவசரத்தில் அப்ரூவல் கொடுத்துவிட்டார்கள். பிரிண்ட் ஆன முன்பக்கத் துணிகள் கட்டுக்கட்டாகத் தையலுக்கு வந்து இறங்கின.

மாஸ்டர் வெற்றிலை போட்டுக்கொண்டு தரிசனம் பண்ணுகிற மாதிரி வந்தார். ஒரு துணியைக் கையில் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். கட்டையே பிரித்தார்.

"நிறுத்துங்க மிஷின!"

லைனில் ஒருவரும் நிறுத்தவில்லை. மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மிஷின்கள் வரிசையாகப் பூட்டியிருந்த பவர் டேபிள்மேல் ஏறி நீட்டிப் படுத்துக்கொண்டார். இருபது மிஷினும் தானாக நின்றன.

நான் ஓடினேன். "மாஸ்டர், என்ன இது? எந்திரிங்க!"

"தம்பி, இக்கோவுக்கு வலது கைல சட்டையக் காணமுங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலிருந்து இன்னொரு துணியை உருவிப் பார்த்தேன். அவர் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஸ்டிக்கருக்கு வெச்சிருந்ததத்தான் அனுப்பிப்போட்டீங்களா?"

தலையாட்டினேன். எனக்கு முன்னால் இருந்த மெர்ச்சண்டைசர் ஒரு பட்டன் கலர் மாறியதற்குக் காலை டீ வருவதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நானோ அந்த மாதம்தான் வீடு பார்த்து மனைவியை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தேன். "மாஸ்டர், அப்ரூவல் ஆயிருச்சு. பையரே சரின்னுட்டான். அப்படியே அனுப்பிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினேன். அன்றைக்கு அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். துணியை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்கு நடந்தார். என்னை மாட்டிவிடத்தான் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கச் செல்வியக்காவும் வந்தார்.

முதலாளி சிரித்துப் பார்த்தவர்கள் கம்பெனியில் கிடையாது. "அப்ரூவல் ஆன பீஸ நிறுத்தறதுக்கு நீங்க யாருங்க? பொம்மைக்கு எந்தக் கைல துணி இல்லாட்டி என்னங்க?"

"அந்தக் கைய அவிய அண்ணன் புடிச்சதுங்க, மொதலாளி."

"எவிய அண்ணன்?"

மாஸ்டர் போனை எடுத்து மேஜையில் சாய்த்து வைத்து மூன்றாவது எபிசோடைப் போட்டார். "இருவது நிமிசந்தானுங்க" என்றார். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு முதலாளியை உட்காரவைத்துக் கார்ட்டூன் காட்டிய தைரியம் வேறு எவருக்கும் வராது. பாலம் அறுந்தது. சட்டைக் கை கிழிந்தது. அண்ணன் போனான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்த அண்ணன் அப்பறம் கெடைச்சானுங்களா?" என்று கேட்டார்.

"அது நூத்திப் பதினேழாவது எபிசோடுங்க" என்று மாஸ்டர் போனைத் தொட்டார்.

"இப்ப வேண்டாமுங்க!" என்று அலறிய முதலாளி, செல்வியக்காவைப் பார்த்தார். "ஏம்மா, கொழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எம்பொண்ணு யூகேஜிங்க. அவளே ஒரு பார்வைல கண்டுபுடிச்சுருவாளுங்க. மாஸ்டர் சொல்றது செரிதானுங்க" என்றார் செல்வியக்கா. மாஸ்டர் சொன்னதைச் சரி என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை.

முதலாளி பையருக்குப் போன் போட்டார். அங்கே பதறிப்போய் உடனே நிறுத்தச் சொன்னார்கள். புதுசாகப் பிரிண்ட் போட்டு அனுப்பும்படி சொல்லி, கண்டுபிடித்ததற்கு நன்றியும் சொன்னார்கள். முதலாளி போனை வைத்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"செரி. இதப் பண்ணுனது யாரு?"

நான் செல்வியக்காவின் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்தேன்.

"நானுங்க" என்றார் மாஸ்டர். "படம் எங்க உக்காரணும்னு மார்க் பண்ணிக் குடுத்தது நானுங்களே. எடது வலது தடுமாறிப்போச்சுங்க. தப்பு என்மேலதான்."

முதலாளி நம்பாமல் பார்த்தார். "மாஸ்டர், நீங்களா? முப்பது வருசத்துல..."

"வயசாகுதில்லீங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வெளியே போய்விட்டார். முப்பது வருட மாஸ்டரை யார் அனுப்புவார்கள்? முதலாளி நாலு சத்தம் போட்டதோடு விட்டார். என் வேலை தப்பியது.

ஆனால் கம்பெனி விடுமா? மறுநாள் காலையில் அவர் டேபிளின் இரண்டு பக்கமும் 'இடது', 'வலது' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. செல்வியக்கா அவர் செருப்பிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் "எங்க மாஸ்டருக்கு எல்லாம் தெரியும், சோத்துக் கை எதுன்னு மட்டும் தெரியாது" என்று அறிமுகம் செய்தார்கள். ஒரு விளையாட்டுப் பொம்மை தோற்றதைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை என்கிற அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

நன்றி சொல்லப் போனேன். பேச விடவில்லை. "மொதல்ல போயி மூணாவது எபிசோட முழுசாப் பாருங்க தம்பி. பாக்காம பிரிண்டுக்கு அனுப்புனீங்க பாருங்க, அதுக்குத்தான் எனக்குக் கோவம்" என்றார். அன்று சாயந்திரமே பார்த்தேன். அடுத்த மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன். நூற்றுப் பதினேழில் என் மனைவியும் நானும் ஒரே துண்டில் மாறி மாறி முகம் துடைத்தோம்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து சில வருடங்களாகின்றன. மாஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இடது வலது கிண்டலும் இருக்கிறது என்று போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது செல்வியக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்புறம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

செல்வியக்கா, நீங்கள் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். மதியச் சபையில் இதைச் சத்தமாகப் படியுங்கள். முதலாளிக்கும் கேட்கட்டும். திருப்பி வைத்திருந்த படத்தை அப்படியே அனுப்பியது நான். மாஸ்டர் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாஸ்டர், இதை அன்றைக்கே அந்த ரூமில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வர இத்தனை வருடம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.